எம்பீடா, யோகிச்சா? 2022-23 என்பிஏ (அமெரிக்க பேஸ்கட்பால் லீக்) சீசன் பத்தி ஒரு நீண்ட பேச்சு

கேள்வி, 10 ஏப்ரல் 2023

"ரெகுலர் சீசன் முடிஞ்சாச்சு. மேட்சுக்கு 33 பாயின்ட் போட்ட ஃபிலடெல்ஃபியா எம்பீடுக்குத்தான் எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது) குடுக்கணும். டென்வர் யோகிச் சும்மா நம்பர் சேக்கற ஆளு, ஏற்கனவே ரெண்டு தடவை வாங்கிட்டாரு, ப்ளேஆஃப்ல (ரெகுலர் சீசனுக்கு அப்புறம் கப்புக்காக நடக்கற சுற்றுகள்ல) ஒண்ணும் கிழிச்சதில்ல. டென்வர் ரெண்டாவது ரவுண்ட தாண்டாது. இல்லன்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க."

10 ஏப்ரல்

காரணத்தோடயே சொல்றேன் தம்பி. ஒரு ரவுண்டுன்னா ஏழு மேட்ச்ல நாலு ஜெயிக்கணும்; 2020ல யூட்டாகிட்ட 3-1னு பின்னாடி இருந்து ஜெயிச்சு, அடுத்த ரவுண்டுல கிளிப்பர்ஸ்கிட்டயும் அதே 3-1ல இருந்து ஜெயிச்சு வெஸ்ட் (மேற்குப் பிரிவு) ஃபைனல் வரைக்கும் போன டீம் இது. அப்புறம் 2021 ஏப்ரல்ல ஜமால் மரேவுக்கு முட்டில ஏசிஎல் தசைநார் கிழிஞ்சு அந்த ப்ளேஆஃபும் போச்சு, அடுத்த முழு சீசனும் போச்சு, நடுவுல மைக்கேல் போர்ட்டர் ஜூனியருக்கு முதுகுல ஆபரேஷன். ரெண்டு வருஷம் பக்கத்துல ஆள் இல்லாம டீம இழுத்துட்டு வந்தவர "ஒண்ணும் கிழிச்சதில்ல"ன்னு சொல்றது நியாயமே இல்ல. எல்லாரும் ஒண்ணா கோர்ட்டுல நிக்கறது இந்த வருஷம்தான், என்பிஏவுக்கு வந்த பிறகு முதல் தடவையா டென்வர் வெஸ்ட்ல முதலிடம், 53-29 (53 வெற்றி, 29 தோல்வி), சொந்த ஊர்ல 34-7.

பாயின்ட் விஷயத்துக்கு வரேன். இந்த சீசன் முழுக்க பாயின்ட் மழை. டிசம்பர் 27ல லூக்கா டான்சிச் நிக்ஸ் மேல 60 பாயின்ட், 21 ரீபவுண்ட் (தவறின ஷாட்ட பிடிக்கறது), 10 அசிஸ்ட் (கூட ஆடறவர் பாயின்ட் போடக் குடுக்கற பாஸ்). ஜனவரி 2ல டோனவன் மிட்செல் 71. பிப்ரவரி 26ல டாமியன் லில்லார்டும் 71. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சாக்ரமென்டோ கிங்ஸ் கிளிப்பர்ஸ ரெண்டு ஓவர்டைம் போய் 176-175னு ஜெயிச்சாங்க, இது பேஸ்கட்பால் ஸ்கோர்தானான்னு நான் கண்ண தேச்சுகிட்டு பாத்தேன். இப்படி ஒரு வருஷத்துல யார் எவ்வளவு போட்டாங்கங்கறதிலயே கண்ணு நிக்கும், பந்து அந்தக் கைக்கு எப்படி வந்துச்சுன்னு யாரும் பாக்க மாட்டாங்க.

யோகிச் நம்பர் மேட்சுக்கு 24.5 பாயின்ட், 11.8 ரீபவுண்ட், 9.8 அசிஸ்ட். ஒரே மேட்ச்ல இந்த மூணுலயும் பத்தத் தொடற ட்ரிபிள் டபுள் 29 தடவை, அந்த 29 மேட்சும் டென்வர் ஜெயிச்சிருக்கு. நம்பர் சேக்கறதுக்காக ஆடற ஆளா இருந்தா எங்கயாவது நாலு மேட்ச் தோத்திருக்கணும் இல்லயா?

10 ஏப்ரல், ராத்திரி

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. கோயமுத்தூர்ல காலேஜ் டீமுக்கு நான் பிவட் (கூடைக்குப் பக்கத்துல ஆடற உயரமான ஆளு) ஆடினவன். அந்தக் காலத்துல பிவட்டுக்கு ஒரே வேலைதான், ரீபவுண்ட் எடு, ஆட்டத்த நடத்தற பாயின்ட் கார்டு கையில குடு, அந்தப் பக்கம் ஓடு. ஒரு தடவை ரீபவுண்ட் எடுத்த கையோட தூரத்துல ஓடிட்டிருந்த பையனுக்கு நீளமா பாஸ் போட்டேன், அவன் லே-அப்பும் போட்டுட்டான், ஆனாலும் "உனக்கு எதுக்குடா அந்த வேலை"ன்னு வெளிய உக்கார வெச்சுட்டாங்க. நாச்சிமுத்து கவுண்டர் கப் பாக்க போகும்போதெல்லாம் வெளியூர் டீமோட பெரிய ஆளுங்களதான் கவனிப்பேன், அவங்களும் அப்படித்தான், பந்து கைக்கு வந்த உடனே யாராவது சின்ன ஆள தேடுவாங்க. அதே இடத்துல நிக்கற ஒருத்தர், வேகம் இல்ல, பெரிய ஜம்ப் இல்ல, டீமோட மொத்த ஆட்டமும் அவர் கை வழியாத்தான் போகுதுன்னா எனக்கு அது சாதாரண விஷயம் இல்லைங்க.

யோகிச்ச 2014 டிராஃப்ட்ல (டீமுங்க புது ஆட்டக்காரங்கள வரிசையா எடுக்கற நிகழ்ச்சி) 41வது ஆளா எடுத்தாங்க. அந்த நேரத்துல டிவில டாக்கோ பெல் விளம்பரம் ஓடிட்டிருந்துச்சு, பேரு கீழ ஓரமா ஓடிப் போச்சு. அவ்வளவுதான் மரியாதை.

11 ஏப்ரல்

டிஃபென்ஸ் எங்கன்னு கேட்டா ஒத்துக்கறேன், அந்த இடத்துல எம்பீட் ஒரு படி மேலதான். கூடை வளையத்துக்கு முன்னாடி எம்பீட் நிக்கும்போது எதிராளி உள்ள வரவே யோசிப்பான். ஜனவரி 28 மேட்ச்ல நேருக்கு நேரா யோகிச் மேலயே 47 பாயின்ட், 18 ரீபவுண்ட் எடுத்து ஃபிலடெல்ஃபியாவ ஜெயிக்க வெச்சாரு, அதை மறைச்சுட்டுப் பேச மாட்டேன். மார்ச் கடைசில டென்வர்ல நடந்த மேட்ச்ல கால் வலின்னு எம்பீட் ஆடல, அதை வெச்சு பயந்துட்டாருன்னு எழுதறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. காலுல அடிபட்டு என்பிஏல முதல் ரெண்டு சீசன் முழுசா உக்காந்திருந்த மனுஷன், கேமரூன்ல பதினஞ்சு வயசுக்கு மேலதான் பேஸ்கட்பாலையே தொட்டவரு. பயம்ங்கற வார்த்தை அவருக்கு ஒட்டாது.

13 ஏப்ரல்

எல்லாரும் இந்த ரெண்டு பேர பத்தியே பேசறோம், சாக்ரமென்டோவ யாரும் சொல்லல. 2006க்கு அப்புறம் ப்ளேஆஃபே பாக்காத ஊரு, 16 சீசன், என்பிஏ வரலாற்றுலயே நீளமான வறட்சி. இந்த வருஷம் 48-34, வெஸ்ட்ல மூணாவது இடம். ஓனர் விவேக் ரணதிவே மும்பைல பொறந்தவரு, 2013ல டீம வாங்கினதுல இருந்து திட்டு வாங்காத வருஷமே இல்ல. இப்ப ஜெயிக்கற ஒவ்வொரு மேட்சுக்கும் அரங்கத்து மேல இருந்து ஊதா கலர்ல லேசர் வெளிச்சம் வானத்துக்குப் போகுது, ஜனங்க "லைட் த பீம்"னு கத்தறாங்க, தொண்டை கட்டிப் போய்டும் போல.

இங்கயும் நடுவுல நிக்கறது பாஸ் போடற பெரிய ஆளுதான் பாருங்க. டொமன்டாஸ் சபோனிஸ், 12.3 ரீபவுண்ட்னு லீக்லயே முதலிடம், கூடவே ஏழுக்கு மேல அசிஸ்ட், அதுவும் கட்டைவிரல் எலும்பு முறிஞ்ச கையோட. அவர் பந்தைக் கையில குடுத்துட்டு வழி மறிச்சு நிப்பாரு, டி'ஆரன் ஃபாக்ஸ் அந்த இடுக்குல புகுந்து போவாரு, அவர் வேகத்த டிவில பாக்கவே மூச்சு வாங்குது. ஃபாக்ஸ கடைசி அஞ்சு நிமிஷத்துல பாருங்க, வேற யாரையும் பாக்க வேண்டாம்.

25 ஏப்ரல்

மியாமி. ஜிம்மி பட்லர். மில்வாக்கி மேல 56 பாயின்ட்.

காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சது வீண் போகல. வேலைக்கு கிளம்பணும், சாயங்காலம் எழுதறேன்.

27 ஏப்ரல்

சாயங்காலம் எழுதறேன்னு சொல்லி ரெண்டு நாள் ஆச்சு, அதுக்குள்ள கதையே முடிஞ்சுது. மில்வாக்கி 58-24, மொத்த லீக்லயே நல்ல ரெக்கார்ட். மியாமி 44-38, ப்ளேஆஃபுக்குள்ள நுழையறதுக்கான ப்ளே-இன்ல முதல் மேட்ச்ல அட்லான்டாகிட்ட தோத்து, ரெண்டாவதுல சிகாகோவ ஜெயிச்சு எட்டாவது இடத்துல உள்ள வந்த டீம், முதல் மேட்ச்லயே டைலர் ஹீரோவுக்கு கை முறிஞ்சுது. 4-1னு முடிச்சுட்டாங்க. இன்னிக்கு கடைசி குவார்ட்டர் ஆரம்பிக்கும்போது மில்வாக்கி 16 பாயின்ட் முன்னாடி. பட்லர் அரை செகண்ட் மிச்சம் இருக்கறப்போ காத்துலயே பந்தப் பிடிச்சுப் போட்டு சமன் பண்ணி, ஓவர்டைம்ல ஜெயிச்சு, மொத்தம் 42.

மில்வாக்கி ஸ்டார் கியானிஸ திட்டறவங்களுக்கு ரெண்டு விஷயம். முதுகுல அடிபட்டு நடுவுல ரெண்டு மேட்ச் ஆடல. இன்னிக்கு 38 பாயின்ட், 20 ரீபவுண்ட் எடுத்தும் ஃப்ரீ த்ரோ 23க்கு 10தான், தோல்விக்கு அது ஒரு பெரிய காரணம்னு நானும் சொல்வேன். ஆனா மேட்ச் முடிஞ்சு ஒரு நிருபர் இந்த சீசன் தோல்வியான்னு கேட்டப்போ அவர் சொன்ன பதில் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஜோர்டன் 15 வருஷம் ஆடி ஆறு ஜெயிச்சாரு, மிச்ச ஒம்பது வருஷம் தோல்வியான்னு திருப்பிக் கேட்டாரு. விளையாடினவங்களுக்கு அந்தக் கேள்வியோட வலி தெரியும். "தப்பிக்கப் பாக்கறாரு"ன்னு மேல எழுதினவர் அந்தப் பேச்ச முழுசா ஒரு தடவை கேளுங்க.

1 மே

மே தின லீவுங்கறதால ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்தேன். கிங்ஸ் மேல வாரியர்ஸ் ஆளு ஸ்டெஃப் கரி 50 பாயின்ட், ஏழாவது மேட்ச்ல இதுவரைக்கும் யாரும் எடுக்காதது. கிங்ஸ் 2-0ன்னு முன்னாடி இருந்தும் தொடரைத் தோத்துட்டாங்க. ரெகுலர் சீசன்ல வெளியூர்ல 11-30ன்னு கிடந்த வாரியர்ஸ், சாக்ரமென்டோ மண்ணுலயே வந்து 120-100னு அடிச்சுட்டுப் போனாங்க. ரெண்டாவது மேட்ச்ல வாரியர்ஸோட டிரேமன்ட் கிரீன் சபோனிஸ் நெஞ்சு மேல கால வெச்சு மிதிச்சதுக்கு ஒரு மேட்ச் தடை குடுத்தாங்க, எனக்கு அது பத்தல. ஆனா தோத்ததுக்கு அது காரணம் இல்ல. கரிய தனியா விட்டாங்க, அவ்வளவுதான். இந்த டீம் அடுத்த வருஷமும் வரும்னு நம்பறேன், அந்த ஜனங்களுக்காகவாவது வரணும்.

3 மே

எம்பீடுக்கு எம்விபி. முதலிட ஓட்டு 73, யோகிச்சுக்கு 15, கியானிஸுக்கு 12. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு நான் நெனைக்கல. செய்தி கேட்டு எம்பீட் அழுத வீடியோ பாத்தேன், அவரோட டீம் ஆளுங்க மேல விழுந்து கட்டிப் பிடிக்கறாங்க. மனசாரச் சொல்றேன், தகுதி இல்லாத கைக்குப் போகல. என் ஓட்டு யோகிச்சுக்குத்தான், அது மாறாது. மூணாவது தடவை தொடர்ந்து குடுக்க பல பேருக்கு மனசு வரலங்கறது என் எண்ணம், சீசன் நடுவுல டிவில அத்தனை பேரும் அதையேதான் பேசிட்டிருந்தாங்க.

8 மே

இன்னிக்கு மேட்ச் இந்த இழையோட முதல் கேள்விக்கே நேரா பதில் சொல்லுது, ஆனா வித்தியாசமா. யோகிச் 53 பாயின்ட், 11 அசிஸ்ட். ரெண்டாவது ரவுண்டுல ஃபீனிக்ஸ்கிட்ட டென்வர் தோத்துச்சு, 129-124. ஃபீனிக்ஸ்ல புக்கர் 36, டுரான்ட் 36, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான், பெஞ்சுல இருந்து வந்த லேண்ட்ரி ஷாமெட் கடைசி குவார்ட்டர்ல வரிசையா போட்டதுதான் அடிச்சுது. தொடர் 2-2.

சிலர் "பாத்தீங்களா, 53 போட்டும் பிரயோஜனம் இல்ல"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. நான் சொல்ல வர்றதும் அதேதான்யா! ஒரு ஆளோட பாயின்ட் டீம் ஜெயிக்கறதுக்கு அளவுகோல் இல்ல. யோகிச்சால வேணும்னா 53 போட முடியும், தினமும் அப்படி ஆட மாட்டேங்கறாரு, ஏன்னா மத்த நாலு பேர் அப்ப கை கட்டி நிக்க வேண்டி வரும்.

12 மே

ஃபீனிக்ஸ் கதை முடிஞ்சுது. அவங்க ஊர்லயே 125-100, யோகிச் 32 பாயின்ட், 10 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். டென்வர் ரெண்டாவது ரவுண்ட தாண்டியாச்சு. தம்பி, எங்க இருக்கீங்க?

15 மே

பாஸ்டன்கிட்ட ஏழாவது மேட்ச்ல ஃபிலடெல்ஃபியா 112-88னு சுருண்டுச்சு. பாஸ்டன் டேட்டம் 51, கரி போட்ட 50 ரெகார்ட் ரெண்டே வாரம்தான் நின்னுச்சு. எம்பீட் 15 பாயின்ட், 18 ஷாட்டுல 5. கூட ஆடற ஹார்டன் 9. என் இன்பாக்ஸ்ல வந்து "இப்ப என்ன சொல்றீங்க"ன்னு சிரிக்கற யோகிச் ரசிகர்களுக்கு: இதை வெச்சு சிரிக்க எனக்கு மனசு வரல. முட்டில அடியோடதான் அந்த ரவுண்டையே ஆடினாரு, முதல் மேட்ச்ல அவரால இறங்கவே முடியல. எம்விபி ரெகுலர் சீசனுக்குக் குடுக்கறது, அதை மே மாசத்துல திருப்பிக் கேக்கக் கூடாது.

23 மே

வெஸ்ட் ஃபைனல் 4-0. லேக்கர்ஸ் அவுட். லெப்ரான் முதல் பாதிலயே 31, மொத்தம் 40, 38 வயசுல முழு மேட்சுக்கும் பக்கத்துல ஆடிட்டு கடைசி ஷாட் வரைக்கும் போராடினாரு. 113-111. யோகிச் 30, 14, 13.

பிப்ரவரி 7ல லெப்ரான், கரீம் அப்துல் ஜப்பாரோட வாழ்நாள் ரெகார்டான 38,387 பாயின்ட தாண்டினப்போ நான் எங்கப்பாவுக்கு அந்த வீடியோ காட்டினேன். அவர் கரீம் பேர கேட்டிருக்காரு, லெப்ரான தெரியாது. "அப்ப இவன்தான் பெரிய ஆளா"ன்னு கேட்டாரு. ஆமாங்கப்பா இவர்தான்னேன். இன்னிக்கும் அதேதான் சொல்வேன், நாலு மேட்ச் தோத்ததால அதுல ஒரு மாத்தமும் இல்ல.

மரே பத்தி தனியா எழுதணும். ரெண்டு வருஷம் முன்னாடி கால் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. இந்த லேக்கர்ஸ் தொடர்ல ஒவ்வொரு மேட்ச்லயும் கடைசி குவார்ட்டர்ல அவரும் யோகிச்சும் ஆடற ரெண்டு ஆள் ஆட்டம் இருக்கே, பந்தக் குடுக்கறதும் வழி மறிக்கறதும் மறுபடி வாங்கறதும், எங்க தெருவுல கூடப்பொறந்த ரெண்டு பேர் தட்டாங்கல் ஆடற மாதிரி, கண்ணாலகூட பேசிக்க மாட்டாங்க, கை மட்டும் போகும் வரும்.

30 மே

ராத்திரி முழுக்க தூங்கல. அகமதாபாத்ல மழை, ஒன்றரை மணி வாக்குல கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் வேணும்னப்போ ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர், சிஎஸ்கே அஞ்சாவது கப். தெருவுல பட்டாசு. இனி எங்க தூங்கறது, ஆறு மணிக்கு மியாமி-பாஸ்டன் ஏழாவது மேட்ச், டீ போட்டு உக்காந்துட்டேன்.

3-0ன்னு முன்னாடி இருந்து மூணு மேட்ச் தொடர்ந்து விட்டிருந்தாங்க மியாமி. ஆறாவது மேட்ச்ல பாஸ்டனோட டெரிக் வைட் 0.1 செகண்ட் மிச்சம் இருக்கும்போது தெறிச்ச பந்த தட்டி உள்ள விட்டு ஒரு பாயின்ட்ல ஜெயிச்சது எந்த டீமோட நெஞ்சையும் ஒடைச்சிருக்கும். அதுக்கப்புறம் பாஸ்டன் மண்ணுல வந்து 103-84. டேட்டமுக்கு முதல் நிமிஷத்துலயே கணுக்கால் மடங்குச்சு, அதையும் சொல்லணும். ஆனா கேலப் மார்டின் 26 பாயின்ட் போட்டாரே, டிராஃப்ட்ல யாரும் எடுக்காத ஆளு! மியாமில இப்படிப்பட்டவங்கதான் அதிகம், மேக்ஸ் ஸ்ட்ரூஸ், கேப் வின்சன்ட், டங்கன் ராபின்சன் எல்லாருமே டிராஃப்ட்ல பேர் வராதவங்க. கிழக்கு ஃபைனல் எம்விபி 5-4ன்னு ஒரே ஒரு ஓட்டுல பட்லருக்குப் போச்சு. நானா இருந்தா மார்டினுக்குக் குடுத்திருப்பேன்.

5 ஜூன்

டென்வர்-மியாமி ஃபைனல் 1-1. ரெண்டாவது மேட்ச்ல யோகிச் 41 பாயின்ட், அசிஸ்ட் நாலுதான். முதல் மேட்ச்ல 27 பாயின்ட், 14 அசிஸ்ட் எடுத்தப்போ ஜெயிச்சாங்க. "அவர ஸ்கோர் பண்ண விடு, பாஸ் போட விடாத"ங்கறதுதான் மியாமியோட திட்டம்னு எல்லாரும் எழுதறாங்க, எனக்கும் முதல்ல அது சரியா பட்டுச்சு, மே 8ல நான் எழுதினதுக்கும் பொருந்துது.

ஆனா மியாமி கோச் ஸ்போல்ஸ்ட்ராகிட்ட ஒருத்தர் இதையே கேட்டதுக்கு அவர் கோவப்பட்டுட்டாரு, ஆட்டம் தெரியாதவங்க சொல்றதுங்கற மாதிரி பதில் சொன்னாரு. அதைக் கேட்டுட்டு கடைசி குவார்ட்டர மறுபடி போட்டுப் பாத்தேன். அவர் சொல்றதுல விஷயம் இருக்கு. அந்த குவார்ட்டர்ல மியாமி 36 போட்டாங்க. டென்வர் டிஃபென்ஸ் தூங்கிச்சு, ஆள் மாத்திப் பிடிக்கும்போது ரெண்டு பேரும் ஒரே ஆள்கிட்ட போறாங்க, மூலைல ஒருத்தன் தனியா நிக்கறான். அசிஸ்ட் கணக்க வெச்சு மட்டும் இந்தத் தோல்விய விளக்க முடியாது.

8 ஜூன்

ஃபைனல் மூணாவது மேட்ச். யோகிச் 32, 21, 10. மரே 34, 10, 10. ஒரே டீம்ல ரெண்டு பேர் ஒரே மேட்ச்ல 30 பாயின்டோட ட்ரிபிள் டபுள் எடுத்தது என்பிஏ வரலாற்றுலயே இதுதான் முதல். கிறிஸ்டியன் பிரான்னு ஒரு ரூக்கி (முதல் வருஷ ஆளு), போன வருஷம்தான் கான்சஸ் காலேஜ் டீமோட சாம்பியன் ஆனவன், எட்டு ஷாட்டுல ஏழு உள்ள. எனக்கு அந்தப் பையன் கூடைய நோக்கி வெட்டி ஓடறது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, யோகிச் கையில பந்து இருந்தா நிக்கவே மாட்டேங்கறான், ஓடினா பந்து வரும்னு தெரியும்.

10 ஜூன்

இதுதான் நான் எதிர்பார்த்துட்டிருந்த மேட்ச். கடைசி குவார்ட்டர் ஆரம்பத்துலயே யோகிச்சுக்கு அஞ்சாவது ஃபவுல், இன்னொண்ணு ஆனா மேட்ச விட்டே வெளிய, உக்கார வேண்டியதாச்சு. எனக்கு வயித்தக் கலக்குச்சு. ஒண்ணும் ஆகல! ஆரன் கார்டன் 27, புரூஸ் பிரவுன் 21, அதுல 11 கடைசி குவார்ட்டர்ல. மரே 12 அசிஸ்ட், எதிராளிகிட்ட ஒரு பந்த கூட இழக்கல. ஓர்லாண்டோல பெரிய ஸ்டார் ஆகணும்னு ஆடிட்டிருந்த கார்டன் இங்க வந்து நாலாவது ஆளா இருக்கறத சந்தோஷமா ஏத்துகிட்டாரு, எதிர் டீமோட பெரிய ஆள தினமும் அவர்தான் கட்டி மாரடிக்கறாரு. பிரவுனையும் கால்ட்வெல் போப்பையும் போன கோடைலதான் கொண்டுவந்தாங்க. இந்த ரெண்டு பேர் இல்லாம இந்தக் கப் வராதுன்னு இப்பவே எழுதி வெக்கறேன்.

13 ஜூன்

94-89. டென்வர் சாம்பியன். 1976ல என்பிஏவுக்கு வந்ததுல இருந்து முதல் கப்.

அசிங்கமான மேட்ச், ஆனா எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. டென்வர் 3 பாயின்ட் ஷாட்டுல 28க்கு 5. ஃப்ரீ த்ரோ தவறுது. பட்லர் கடைசில தனியா எல்லாத்தையும் போட்டு மியாமிய முன்னாடி கொண்டுவந்துட்டாரு. ஒன்றரை நிமிஷம் இருக்கறப்போ மரே விட்ட ஷாட்ட புரூஸ் பிரவுன் கூட்டத்துக்குள்ள புகுந்து ரீபவுண்ட் எடுத்து அங்கயே உள்ள போட்டாரு, 90-89. அப்புறம் பட்லர் பாஸ கால்ட்வெல் போப் பறிச்சாரு. மேட்ச் முடிஞ்ச உடனே யோகிச் முதல்ல போய் மியாமி ஆளுங்களுக்குக் கை குடுத்தாரு. வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாம்னாரு. ஊர்வலம் வியாழக்கிழமைன்னு சொன்னதும் முகம் வாடிப் போச்சு, செர்பியாவுல அவர் சொந்த ஊர் சோம்போர்ல குதிரைங்க காத்துட்டிருக்கும்!

மொத்த ப்ளேஆஃப்ல 600 பாயின்ட், 269 ரீபவுண்ட், 190 அசிஸ்ட், மூணுலயும் முதலிடம், இதுக்கு முன்னாடி ஒரே ப்ளேஆஃப்ல யாரும் செஞ்சதில்ல. தம்பி நேத்து மெசேஜ் பண்ணியிருந்தாரு, எம்பீட்தான் இன்னமும் அவரோட எம்விபியாம். நல்லது, அப்படித்தான் இருக்கணும், அடுத்த சீசன்லயும் சண்டை போடலாம்.

15 ஜூன்

புதுசா பாக்க ஆரம்பிக்கறவங்களுக்கு எந்த மேட்ச் சொல்வீங்கன்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. கொண்டாட்டமா வேணும்னா அந்த 176-175 கிங்ஸ் மேட்ச். படபடப்பு வேணும்னா பாஸ்டன்-மியாமி ஆறாவது மேட்சோட கடைசி குவார்ட்டர். ஆட்டத்தப் புரிஞ்சுக்கணும்னா ஃபைனல் மூணாவது மேட்ச், அதுல பந்த விட்டுட்டு யோகிச் கண்ணு எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க, பத்து நிமிஷத்துல பழகிடும். உங்க பொண்ணு ஸ்கூல் டீம்ல பிவட்டுன்னு சொன்னீங்களே, அவளையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க.